எழுதும்போது கை இழுத்துக்கொண்டால்: ஹோமியோபதி மாத்திரை எதுவரை?



அரையாண்டுத் தேர்வு முடிந்து பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் நம் அறக்கட்டளைக்கு வரும் தாய்மார்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளைக்கு எழுத எழுதக் கை இழுத்துக்குது. ஹோமியோபதி கொடுத்தா சரியாயிடுமா?" மாணவர்கள் மட்டும் அல்ல. ரெக்கார்டு நோட்டு எழுதும் கல்லூரிப் பெண்கள், கடைக் கணக்கு எழுதுபவர்கள், சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதுபவர்கள், ஜமாஅத் தஃப்தர் எழுதும் பெரியவர்கள் என்று பலரும் இதே கேள்வியோடு வருகிறார்கள். கோலியனூர், வளவனூர், விழுப்புரம் எங்கே போனாலும் ஹோமியோ மருந்தின் மேல் நம் மக்களுக்கு ஒரு பிரியம் இருக்கிறது. விலை குறைவு, இனிப்பாக இருக்கிறது, ஊசி இல்லை, பிள்ளைகள் அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறார்கள். இந்தப் பிரியத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் மாத்திரை டப்பாவைத் திறப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்களை இந்த இதழில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

எழுத்து நம் மார்க்கத்தில் சாதாரண வேலை அல்ல. முதல் வஹீயிலேயே எழுதுகோல் பேசப்பட்டுவிட்டது. சென்னை திருவல்லிக்கேணியில் 1927-இல் சையித் அஸ்மத்துல்லாஹ் தொடங்கிய 'தி முசல்மான்' உருது நாளிதழைப் பெரியவர்கள் பலர் அறிந்திருப்பீர்கள். அச்செழுத்துக் கோக்காமல், காதிப் எனப்படும் எழுத்தர்கள் கையாலேயே எழுதி, அதைப் படம் எடுத்து அச்சிட்ட பத்திரிகை. நாலே பக்கம்தான். ஆனால் ஒரு பக்கத்தை எழுதி முடிக்க ஒரு காதிபுக்கு ஏறக்குறைய 3 மணி நேரம் ஆகும். நம் பிள்ளைகள் பொதுத்தேர்வில் எழுதும் நேரமும் அதே 3 மணிதான். ஒரு வித்தியாசம் உண்டு. காதிப் நிதானமாக, எழுத்தின் அழகுக்காக எழுதுகிறார். பிள்ளை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, பேனாவை நெரித்துப் பிடித்துக்கொண்டு எழுதுகிறது.

எழுதுவதால் கை கெடும் என்பது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. தொழில்களால் வரும் நோய்களைப் பற்றி முதன்முதலில் தனி நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, 1713-இல் எழுத்தர்களின் கைநோயையும் அதில் சேர்த்தார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே மாதிரி அசைத்துக்கொண்டே இருப்பது, பிழை வந்துவிடக் கூடாதே என்று மனத்தை இறுக்கி வைத்திருப்பது என்று மூன்று காரணம் சொன்னார். முந்நூறு ஆண்டு கழிந்தும் அந்த மூன்றாவது காரணத்தைத்தான் பெற்றோர்கள் மறந்துவிடுகிறார்கள்.

எல்லாக் கைவலியும் ஒன்றல்ல

நம் பேச்சில் எல்லாவற்றையும் "கை இழுக்குது" என்றே சொல்லிவிடுகிறோம். இதில் குறைந்தது இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, சாதாரண அயர்ச்சி. ஒரு மணி, ஒன்றரை மணி எழுதிய பிறகு கட்டைவிரல் அடியிலும் முன்கையிலும் வலி வரும். பேனாவை வைத்துக் கையை உதறினால் குறையும். இரவு தூங்கி எழுந்தால் போய்விடும். பிள்ளைகளிடம் நாம் பார்ப்பது பெரும்பாலும் இதுதான். பேனாவை அளவுக்கு மீறி அழுத்துவது, தரையில் உட்கார்ந்து குனிந்து எழுதுவது, ஆண்டு முழுவதும் எழுதாமல் இருந்துவிட்டுக் கடைசி இரண்டு மாதத்தில் மூட்டை மூட்டையாக எழுதுவது ஆகியவை இதற்குப் போதும்.

இரண்டாவதைத்தான் மருத்துவர்கள் 'ரைட்டர்ஸ் கிராம்ப்' என்கிறார்கள். இதன் போக்கு விசித்திரமானது. பேனாவை எடுத்து நாலு வரி எழுதுவதற்குள் விரல்கள் தாமாகவே பேனாவை நெரிக்கும். சிலருக்கு ஆள்காட்டி விரல் பேனாவை விட்டு மேலே எழும்பும். சிலருக்கு மணிக்கட்டு உள்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ மடங்கிக்கொள்ளும். பெரிய வலி இல்லாமலும் இருக்கலாம். ஆனால் எழுத்து ஓடாது. அதே கையால் சட்டைப் பித்தான் போடலாம், மாவு பிசையலாம், சோறு பிசைந்து சாப்பிடலாம், வண்டி ஓட்டலாம். எழுத உட்கார்ந்தால் மட்டும் கை மறுக்கிறது. பெரும்பாலும் 30 வயதுக்கு மேல் தொடங்குவது. இளவயதில் வருவதும் உண்டு.

இந்த விசித்திரத்தால்தான் நோயாளி பொய் சொல்கிறார் என்று வீட்டில் நினைத்துவிடுகிறார்கள். "சாப்பிடும்போது வராத நோய் எழுதும்போது மட்டும் எப்படி வரும்?" என்று கேட்கிறார்கள். கோளாறு கையில் இல்லை. தசைகளுக்கு உத்தரவு அனுப்பும் மூளைச் சுற்றில் இருக்கிறது. ஒரு தசையை இழுக்கும்போது எதிர்த்தசையைத் தளர்த்த வேண்டும் என்ற கணக்கு, எழுத்து என்ற அந்த ஒரு வேலைக்கு மட்டும் குழம்பிப்போகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் இழுக்கின்றன. பிள்ளையின் சோம்பலும் இல்லை, கண்ணேறும் இல்லை, மனக்கோளாறும் இல்லை. மக்தபிலோ பள்ளியிலோ எழுத்து கோணுகிறது என்று அடி வாங்கும் பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேருக்காவது உண்மையிலேயே கையில் கோளாறு இருக்கலாம் என்பதை உஸ்தாத்மார்களும் ஆசிரியர்களும் நினைவில் வைத்தால் நல்லது.

இவை இரண்டும் தவிர வேறு சிலவும் உண்டு. இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் தூக்கம் கெட்டால் மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுகிறது என்று பொருள். சர்க்கரை நோய், தைராய்டு உள்ளவர்களிடமும் கர்ப்பிணிகளிடமும் இது அதிகம். வயதானவரின் எழுத்து வரவரச் சிறுத்துக்கொண்டே போனால் பார்க்கின்சன் நோயாக இருக்கலாம். வாந்திக்கும் மனநோய்க்கும் கொடுக்கும் சில மாத்திரைகளாலும் கை முறுக்கிக்கொள்ளும். திடீரென்று கை பலமிழந்து, வாய் கோணி, பேச்சு குழறினால் அது பக்கவாதம். அப்போது எந்த மாத்திரையையும் தேடாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

ஹோமியோபதி மருத்துவர் என்ன செய்கிறார்

ஹோமியோபதியை உண்டாக்கியவர் சாமுவேல் ஹானிமன், 1755-இல் ஜெர்மனியில் பிறந்தவர். உடல்நலம் உள்ளவரிடம் எந்தப் பொருள் ஒரு குறியை உண்டாக்குகிறதோ, அதே குறி உள்ள நோயாளிக்கு அந்தப் பொருளையே மிகமிக நீர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நம் நாட்டில் அது பரவியதில் தர்ம மருந்தகங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மங்களூரில் 1880-இல் பாதிரியார் அகஸ்டஸ் முல்லர் ஏழைகளுக்காகத் தொடங்கிய ஹோமியோ மருந்தகம் இன்று பெரிய மருத்துவமனையாக நிற்கிறது. நம் தமிழகத்தில் மதுரை மாவட்டம் திருமங்கலத்தில் அரசு ஹோமியோபதி மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

நல்ல ஹோமியோ மருத்துவர் "கை வலி" என்றதும் மருந்து எடுத்துக் கொடுப்பதில்லை. எந்த விரல், எந்த நேரம், சூடு பட்டால் குறைகிறதா, அழுத்தினால் சுகமா, பயம் உண்டா, தூக்கம் எப்படி என்று அரைமணி நேரம் கேட்பார். அதன் பிறகு மருந்தைத் தேர்ந்தெடுப்பார். எழுதுவதால் வரும் பிடிப்புக்கு அவர்களுடைய மருந்து நூல்களில் வழக்கமாகச் சொல்லப்படும் பெயர்கள் இவை: சூட்டாலும் அழுத்தத்தாலும் குறையும் இழுப்புக்கு மக்னீசியா பாஸ்பாரிகா, கை நடுங்கி, பலம் குறைந்து, தேர்வு பயமும் சேர்ந்தால் ஜெல்சீமியம், விரல் நுனியிலிருந்து தொடங்கும் கடுமையான இழுப்புக்கு குப்ரம் மெட்டாலிகம், விரல்கள் தாமாகச் சுருங்கினால் அர்ஜெண்டம் மெட்டாலிகம், பேனா பிடிக்கும்போது விரல் துள்ளினால் ஸ்டானம், மணிக்கட்டுத் தசைநார் நோவுக்கு ரூட்டா, அதிக உழைப்பால் அடிபட்டது போல் வலித்தால் ஆர்னிகா. குப்ரம் என்பது செம்பு, அர்ஜெண்டம் வெள்ளி, ஸ்டானம் தகரம்.

இதில் மக்னீசியா பாஸ்பாரிகா நம் வீடுகளில் அதிகம் புழங்குவது. 'மேக் பாஸ் 6 எக்ஸ்' என்று மருந்துக் கடையில் கேட்டாலே தருகிறார்கள். ஜெர்மானிய மருத்துவர் ஷுஸ்லர் 1870-களில் வகுத்த பன்னிரண்டு உப்புகளில் ஒன்று அது.

பாட்டிலில் உள்ள எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று பலர் கேட்டதில்லை. 6 எக்ஸ் என்றால் பத்தில் ஒரு பங்காக ஆறு முறை குறைத்தது, அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு மருந்து. 30 என்றால் நூறில் ஒரு பங்காக முப்பது முறை குறைத்தது. பன்னிரண்டு முறையைத் தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சுவது அரிது என்பது வேதியியல் கணக்கு. மிஞ்சுவது சர்க்கரையும் கொஞ்சம் ஆல்கஹாலும்தான். இதனால்தான் பக்கவிளைவு இல்லை என்கிறார்கள். அதே காரணத்தால்தான் விளைவும் இருக்க முடியாது என்கிறார்கள் விஞ்ஞானிகள். ஆஸ்திரேலிய அரசின் தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2015-இல் உலகத்து ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, எந்த ஒரு நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று அறிவித்தது. நம் நாட்டில் சட்டப்படி அனுமதி பெற்ற மருத்துவமுறை என்பதும் உண்மை, இப்படி ஒரு முடிவு வந்திருக்கிறது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே உங்களிடம் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

"எங்க பையனுக்குக் குணமாச்சே" என்பீர்கள். பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. அயர்ச்சி வலி, தேர்வு முடிந்ததும் தானாகவே போய்விடும். போன நேரத்தில் எந்த மாத்திரை வாயில் இருந்ததோ அதற்குப் பெயர் கிடைக்கும். தவிர, அரைமணி நேரம் உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்ட மருத்துவர், "பயப்படாதேப்பா, சரியாயிடும்" என்று தோளில் தட்டி அனுப்பினால் பிள்ளையின் இறுக்கம் தளர்கிறது. பேனாவின் பிடியும் தளர்கிறது. ராமஸ்ஸினி சொன்ன மூன்றாவது காரணத்துக்கு அதுவே பாதி வைத்தியம். இரண்டு நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்பும் ஆங்கில மருத்துவர்கள் இந்தப் பொறுமையைக் கற்றுக்கொண்டால் எவ்வளவோ நன்றாயிருக்கும். ரைட்டர்ஸ் கிராம்ப்கூடச் சிலருக்குத் தொடக்கத்தில் தானாகத் தணிந்து, சில காலம் கழித்துத் திரும்பி வரும்.

ஆல்கஹால் பற்றிய சந்தேகத்தையும் இங்கே சொல்லிவிடுகிறோம். தாய்த் திரவமும் சொட்டு மருந்தும் ஆல்கஹாலில் தயாராகின்றன. சர்க்கரை உருண்டைகளை அதில் நனைத்து எடுக்கிறார்கள். இது கூடுமா என்பதில் உலமாக்களிடையே ஒரே கருத்து இல்லை. அவரவர் மத்ஹபுப்படி பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். மேக் பாஸ் போன்ற 6 எக்ஸ் மாத்திரைகள் பால் சர்க்கரையோடு அரைத்துச் செய்யப்படுபவை என்பதால் அவற்றில் இந்தப் பிரச்சினை எழுவதில்லை. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வயிறு உப்பலாம், அவ்வளவுதான். யாரிடம் வாங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். பி.எச்.எம்.எஸ். படித்து, தமிழ்நாடு ஹோமியோபதி மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவரிடம் மட்டும் போங்கள். பெயர் ஒட்டாத பொடிப் பொட்டலம் தருபவரிடம் வேண்டாம். "ஒரே வாரத்தில் வலி பறந்துவிட்டது" என்னும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு உண்டு.

மாத்திரை கெடுக்காது, காலம் கெடுக்கும்

இந்தக் கட்டுரையை எழுத எங்களைத் தூண்டியது இந்தப் பகுதிதான்.

வில்சன் நோய் என்று ஒன்று இருக்கிறது. அரிய நோய்தான். உணவில் வரும் செம்புச் சத்தில் மீதியானதைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியேற்ற வேண்டும். இந்த நோயுள்ளவர்களுக்கு அது வெளியேறாமல் முதலில் கல்லீரலிலும் பிறகு மூளையிலும் படிகிறது. பெரும்பாலும் பள்ளி, கல்லூரி வயதில் வெளிப்படும். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளையின் கையெழுத்து சில மாதங்களில் கெட்டுப்போவது இதன் முதல் அடையாளங்களில் ஒன்று. கை நடுங்கும், விரல் முறுக்கும், பேச்சு தடிக்கும், எச்சில் ஒழுகும், மதிப்பெண் சரியும், கோபம் கூடும். சிலருக்கு இதற்கு முன்னாலேயே மஞ்சள் காமாலை வந்து போயிருக்கும். வயசுக் கோளாறு, செல்போன் பழக்கம் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும். அதனால் சொந்தத்தில் கொடுத்து எடுக்கும் குடும்பங்களில் இதற்கான வாய்ப்புக் கூடுதல். மாமன் மகள், அத்தை மகன், பெரியத்தா, சின்னத்தா பிள்ளைகள் என்று உறவுக்குள் நிக்காஹ் செய்வது நம் சமுதாயத்தில் உண்டு. நம் மாவட்டத்தின் மற்றச் சமூகங்களிலும் உண்டு. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, கவனம் கூடுதலாக வேண்டும் என்கிறோம். ஒரு பிள்ளைக்கு இந்த நோய் இருந்தால், கூடப் பிறந்த ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அறிகுறி இல்லாவிட்டாலும் அவர்களையும் சோதிக்க வேண்டும்.

நல்ல செய்தி, இது மருந்துக்குக் கட்டுப்படும் நோய். கண் மருத்துவர் கருவியால் கருவிழி ஓரத்தில் செம்பு வளையம் இருக்கிறதா என்று பார்ப்பார். இரத்தத்தில் செருலோபிளாஸ்மின் சோதனை, 24 மணி நேரச் சிறுநீரில் செம்பின் அளவு ஆகியவை நோயைக் காட்டிக்கொடுக்கும். செம்பை வெளியேற்றும் மாத்திரையோ, உணவிலிருந்து செம்பு ஏறாமல் தடுக்கும் துத்தநாக மருந்தோ வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டும். சீக்கிரம் தொடங்கினால் பிள்ளை மற்றவர்களைப் போல் படிக்கலாம், வேலைக்குப் போகலாம். தாமதித்தால் மூளையிலும் கல்லீரலிலும் ஏற்பட்ட சேதம் முழுவதும் திரும்பாது.

இப்போது அந்த ஹோமியோ பட்டியலை மீண்டும் பாருங்கள். விரல் முறுக்குக்கு குப்ரம், அதாவது செம்பு. உடம்பில் செம்பு தேங்கி விரல் முறுக்கும் பிள்ளைக்கு மேலும் செம்பின் பெயரிலேயே ஒரு மருந்து. 30-ஆம் வீரியத்தில் செம்பு என்று ஒன்றும் இருக்கப் போவதில்லை, அதனால் அது கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. ஆனால் "இன்னும் மூணு மாசம் பார்ப்போம்" என்று காத்திருக்கும் அந்த மூன்று மாதத்தில் படிவது நிஜச் செம்பு.

ஆகவே எங்கள் யோசனை இதுதான். எந்த மருந்தையும் தொடங்குவதற்கு முன்னால் ஒரு முறை கையை மருத்துவமனையில் காட்டிவிடுங்கள். முண்டியம்பாக்கத்தில் அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கோலியனூர் கூட்டுரோட்டில் பஸ் ஏறினால் புதுச்சேரி, அங்கே ஜிப்மரில் நரம்பியல் துறை இருக்கிறது. இன்ன நோய் என்று தெரிந்த பிறகு, அது வெறும் அயர்ச்சிதான் என்றால், விரும்புகிறவர்கள் ஹோமியோ மாத்திரை சாப்பிடுவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. ஓதி ஊதிக்கொள்வதும் துஆச் செய்வதும் நம் ஈமானோடு சேர்ந்தவை. அவை மருத்துவரிடம் போவதற்குத் தடையல்ல.

உண்மையான ரைட்டர்ஸ் கிராம்புக்கு நரம்பியல் மருத்துவர்கள் இன்று அதிகம் நம்புவது போட்டுலினம் ஊசி. அளவுக்கு மீறி இழுக்கும் தசையில் மட்டும் சிறிதளவு போடுகிறார்கள். ஏறக்குறைய மூன்று மாதம் தாங்கும், பிறகு மீண்டும் போட வேண்டும். விலை அதிகம், விரலில் கொஞ்ச நாள் பலம் குறையலாம். கைப்பயிற்சி தரும் தெரபிஸ்டுகளாலும் சிலருக்குப் பலன் உண்டு. இடக்கைக்கு மாறிக்கொண்டு சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சிலருக்குச் சில ஆண்டுகளில் அந்தக் கையிலும் தொடங்கிவிடுகிறது.

அயர்ச்சிக்கு வீட்டிலேயே செய்யக்கூடியவை எளிது. மெல்லிய பால்பாயின்ட் பேனாவை விட்டுவிட்டு, தடிமனான, அழுத்தாமலே மை இறங்கும் ஜெல் பேனா கொடுங்கள். பேனாவின் கழுத்தில் ரப்பர் பேண்டை நாலு சுற்று சுற்றினாலும் போதும். விரலால் மட்டும் எழுதாமல் முன்கை முழுவதும் நகரும்படி பழக்குங்கள். தரையில் குனிந்து எழுதும் பிள்ளைக்கு ஒரு சாய்வுப் பலகை, அல்லது முழங்கை ஊன்றும் உயரத்தில் மேசை. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை பேனாவைக் கீழே வைத்துக் கையைத் தொங்கவிடச் சொல்லுங்கள். தூங்கப் போகும் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்திருப்பது இதமாக இருக்கும். மாதிரித் தேர்வை முழு 3 மணி நேரமும் எழுதிப் பார்க்கும் பழக்கத்தை மார்ச் மாதத்தில் தொடங்காமல் அக்டோபரிலேயே, ஒரு மணி, ஒன்றரை மணி என்று ஏற்றிக்கொண்டு போங்கள்.

தேர்வு எழுத உதவியாளர் உண்டு, ஆனால் சான்று வேண்டும்

கை எழுதாது என்பதால் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் இருக்கிறார்கள். நிறுத்தத் தேவையில்லை.

எம்.பி.பி.எஸ். முடித்த ஓர் இளைஞர் ரைட்டர்ஸ் கிராம்போடு 2018-ஆம் ஆண்டு சிவில் சர்வீஸ் தேர்வுக்கு விண்ணப்பித்து, தான் சொல்வதை எழுத ஒருவர் வேண்டும் என்று கேட்டார். பார்வையற்றோர், கை இயங்காதோர், மூளை முடக்குவாதம் உள்ளோர் ஆகியோருக்குத்தான் உதவியாளர் தருவோம் என்று மத்தியப் பணியாளர் தேர்வாணையம் மறுத்தது. தீர்ப்பாயத்திலும் டெல்லி உயர்நீதிமன்றத்திலும் அவருக்கு நியாயம் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 11 அன்று அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 40 சதவீத ஊனம் என்ற அளவு இடஒதுக்கீடு போன்றவற்றுக்குத்தான், எழுத முடியாதவருக்கு எழுத உதவி செய்வதற்கு அந்த அளவைக் காட்டி மறுக்கக் கூடாது என்றது. அந்தத் தீர்ப்பின்படி மத்திய அரசு 2022 ஆகஸ்ட் 10 அன்று வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. 40 சதவீதத்துக்குக் குறைவான பாதிப்பு உள்ளவர்களுக்கும் எழுதுவதில் சிரமம் இருந்தால் உதவியாளரும், ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிட வீதம் கூடுதல் நேரமும் உண்டு. வங்கித் தேர்வுகளில் மறுக்கப்பட்ட, இதே போன்ற கைக்கோளாறு உள்ள வேறொருவருக்கும் 2025 பிப்ரவரி 3 அன்று உச்ச நீதிமன்றத்தில் நியாயம் கிடைத்தது. அந்த அமர்வில் நம் சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து சென்ற நீதிபதி ஆர். மகாதேவனும் இருந்தார்.

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வுகளில் நம் மாநில அரசுத் தேர்வுகள் இயக்ககமும் மாற்றுத்திறனாளித் தேர்வர்களுக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைத் தருகிறது. பள்ளித் தலைமை ஆசிரியர் வழியாக, தேர்வுக்குப் பல மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும். ஹால் டிக்கெட் வந்த பிறகு ஓடினால் பயனில்லை.

இவை எல்லாவற்றுக்கும் அரசு மருத்துவமனைச் சான்று வேண்டும். ஹோமியோ மருத்துவர் எத்தனை நல்லவராக இருந்தாலும் அவர் எழுதித் தரும் சீட்டு இதற்குச் செல்லாது. நாலு வருடம் இனிப்பு உருண்டை மட்டும் சாப்பிட்ட பிள்ளையிடம், தேர்வு நேரத்தில் காட்ட ஒரு காகிதமும் இருக்காது. மாத்திரையால் கெடுதல் இல்லை என்பவர்கள் இந்த நஷ்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மருத்துவமனைக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். மருத்துவர் முன் இரண்டு வரி எழுதிக் காட்டும்போது கை ஒழுங்காக நடந்துகொள்வதும் உண்டு. ஆகவே பிள்ளை வீட்டில் எழுதும்போது, கை இழுக்கத் தொடங்கும் நேரத்தில் விரலும் மணிக்கட்டும் முழங்கையும் தெரியும்படி இரண்டு நிமிடம் செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக எழுதும் பேனாவையும், போன வருட நோட்டு ஒன்றையும் இந்த வருட நோட்டு ஒன்றையும் எடுத்துப் போங்கள். இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே மருத்துவருக்குப் பாதி விவரம் கிடைத்துவிடும். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், ஹோமியோ பாட்டில் உட்பட, மறைக்காமல் காட்டுங்கள். சான்றுக்கான படிவம் நிரப்பவோ, ஜிப்மருக்குத் துணையாக வரவோ ஆள் தேவைப்படுவோர் ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு அலுவலகத்தில் சொன்னால் இன்ஷா அல்லாஹ் ஏற்பாடு செய்கிறோம்.